தவழாத மகளும் பல்லுக்கொழுக்கட்டையும்

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்காக மகளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருந்தேன். வாங்கில் பக்கத்தில் இருந்த தாயின் மடியிலிருந்து ஒரு குழந்தை வழுக்கி இறங்கி, சீமெந்துத் தரையில் விறுவிறுவென்று தவழ்ந்து வாசல்வரை போய்விட்டது. அதுவும் என் மகள் பிறந்த அதே மாதம் பிறந்ததுதான். என் மகளோ இருத்திய இடத்தில் இருந்தபடியே அதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள். எனக்கு நெஞ்சு கனத்தது.

நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்பக்கத் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் இருக்கிறோம். நான்கு மாதத்திலேயே ரயில் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பிவிடுவாள். ஐந்தில் குப்புறக் கிடந்து கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆடினாள். அதன் பிறகு தவழ்வாள், தவழ்வாள் என்று காத்திருந்ததுதான் மிச்சம். இருந்த இருப்பில் ஒரு கையை ஊன்றி அரக்கி அரக்கி நகர்வாளே தவிர, முழங்காலில் எழும்பவே இல்லை. இரவில் அவள் தூங்கிய பிறகு அந்த இளஞ்சிவப்பு வளர்ச்சிப் பதிவேட்டை எத்தனை தடவை புரட்டினேன் என்று கணக்கில்லை. எடைக் கோடு பச்சைப் பகுதியில் ஒழுங்காகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. மனம்தான் கேட்கவில்லை.

அன்று டொக்டரிடம் வாய்விட்டுக் கேட்டேன். அவர் அவசரப்படாமல் மகளைப் பார்த்தார். யாரும் பிடிக்காமல் தானாக உட்கார்ந்திருக்கிறாளா, இரண்டு கைகளையும் ஒரேமாதிரிப் பயன்படுத்துகிறாளா, கால்கள் விறைப்பாகவோ துவண்டோ இருக்கின்றனவா, தூக்கிப் பிடித்தால் பாதத்தை ஊன்றுகிறாளா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே பேசினார். கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னார். அதில் நூற்றுக்கு 4 குழந்தைகள் அளவில் கைகளாலும் முழங்கால்களாலும் தவழவே இல்லையாம். தனியே நடக்கத் தொடங்கும் வயதும் 8 மாதம் முதல் 17 மாதம் தாண்டியும் விரிந்து கிடக்கிறதாம். கடைசியாக, "சின்னப் பொருள்களைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி எடுக்கிறாளா?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளங்கையால் வாரி எடுப்பதைத்தான் கண்டிருந்தேன். கவனித்துச் சொல்லும்படி அனுப்பிவிட்டார்.

அன்றிரவு யாழ்ப்பாணத்திலிருந்த அப்பாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "குழந்தையின் பருவங்களைப் பாடும் பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழில் தாலாட்டும் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் நடந்து வா என்று அழைக்கும் வாரானை. பத்துப் பருவத்திலும் தவழுவதற்கென்று தனிப் பருவம் இல்லையே மகள்! உன் பிள்ளை ஒன்பதாம் மாதம் கைகொட்டுகிறாள்தானே? அது சப்பாணி" என்றார். ஐந்தாம் மாதம் அவள் ஆடிய ஆட்டம்தான் செங்கீரை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பெயர்கள் என் வீட்டுத் தரையில் உயிரோடு கிடந்திருக்கின்றன. அம்மா இடையில் தொலைபேசியை வாங்கி, "உன் சித்தியும் அரக்கித்தான் திரிந்தாள்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பத்தாம் மாதம் கீழ் முரசில் முதற்பல் வெள்ளையாகத் தெரிந்தது. முதற்பல் தெரிந்ததும் பிள்ளையின் தலைக்கு மேலே கொழுக்கட்டை கொட்டும் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்குக்காக, அம்மா அடுத்த ரயிலிலேயே வறுத்த பயறும் பனங்கட்டியும் அரிசிமாவுமாக வந்து இறங்கினார். பிறைவடிவக் கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்பல்லாகச் சீவிக் குத்துவதற்கே எங்களுக்கு ஒரு காலைப்பொழுது போனது. எதிர்வீட்டுச் சிங்கள அன்ரியும் வந்து உட்கார்ந்து சீவித் தந்தார். தங்கள் வீட்டிலும் முதற்சோறு ஊட்டும் நாளில் பிள்ளைக்கு முன்னால் புத்தகம், நகை எல்லாம் பரப்பி வைப்போம் என்று அவர் சொன்னபோது அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

மகளை நடுவில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணியைப் பிடித்தோம். மாமி, என் கணவரின் அக்கா, சுளகிலிருந்து கொழுக்கட்டையையும் சில்லறைக் காசையும் மெதுவாகக் கொட்டினார். மாடியிலிருந்த பிள்ளைகள் பொறுக்க ஓடிவந்தார்கள். முன்னால் புத்தகம், பேனா, காப்பு, பூ, ஒரு கரண்டி. வழக்கமாகக் கத்தியும் வைப்பார்கள். அதை நாங்கள் வைக்கவில்லை. எதை எடுக்கிறாளோ அதை வைத்து அவள் தொழிலைச் சொல்வார்கள் என்பதால், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

அவள் அரக்கி அரக்கித் தட்டுவரை போனாள். புத்தகத்தைத் தள்ளினாள். காப்பையும் தள்ளினாள். விழுந்து கிடந்த ஒரு கொழுக்கட்டையை இழுத்துக் கூர்ந்து பார்த்தாள். பிறகு பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, அதில் குத்தியிருந்த தேங்காய்ப் பல் ஒன்றை மெல்லக் கிள்ளி எடுத்தாள்.

வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பறித்துவிட்டேன். அந்த வயதுக் குழந்தைக்கு அந்தத் துண்டு தொண்டையில் சிக்கிவிடும்; வீட்டில் பல்லுக்கொழுக்கட்டை செய்பவர்கள் தயவுசெய்து இதில் கவனமாக இருங்கள். ஆனால் பறித்த கையோடு அவளை அணைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். பிள்ளை என்ன தொழிலுக்குப் போவாள் என்று மற்றவர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் கண்டது அந்த இரண்டு விரல்களைத்தான். எங்கள் பாட்டிமார் தேங்காய்ப் பல்லைக் குத்தி வைத்துப் பிள்ளைக்கு முன்னால் கொட்டியபோது, அவர்களும் இப்படித்தான் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது பதினொன்றரை மாதம். இன்னும் தவழவில்லை. தொலைபேசியில் என் அப்பாவின் முகம் தெரிந்தால் திரையில் வாயை வைத்து ஈரமாக்குகிறாள். முந்தாநாள் ரயில் சத்தம் கேட்டதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தானாக எழுந்து நின்றாள். கடைசிப் பெட்டி போகும்வரை நின்றாள். பதிவேட்டில் திகதியைக் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அந்த டொக்டரிடம் கிள்ளி எடுத்த கதையையும் சொல்ல வேண்டும்.