புதுப்பிப்பு: ஓவர்சைஸ் டீ-ஷர்ட்டை விட்டு ஒருவழியாக வெளியே வந்தேன்

அலமாரி முழுக்க ஓவர்சைஸ் டீ-ஷர்ட்டும் கார்கோ பேண்ட்டும்தான், 30 வயதாகிறது, நேர்த்தியாக மாற எங்கே ஆரம்பிப்பது என்று 4 மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றிங்க.

உண்மையில் கைகொடுத்தது "பிராண்டைப் பார்க்காதே, தோள் தையலைப் பார், மீதியை டெய்லர் பார்த்துக்குவார்" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான். சட்டையின் தோள் தையல் சரியாகத் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நின்றால் எடுத்தேன், கீழே இறங்கினால் எவ்வளவு பிடித்திருந்தாலும் வைத்துவிட்டேன். இடுப்புப் பக்கத்தையும் பேண்ட் நீளத்தையும் எங்கள் தெரு டெய்லர் பிடித்துக் கொடுத்தார், பழைய சட்டை இரண்டுகூட அதிலேயே தேறிவிட்டது.

போலோ டீ-ஷர்ட் மூன்றைத் திருப்பூர் காதர்பேட்டையில் எடுத்தேன். எதிர்பாராதது இங்கேதான்: பருத்திப் பின்னல் துணி முதல் துவைப்பில் சுருங்கும் என்று தெரிந்தும், அவசரப்பட்டு ஒன்றின் நீளத்தைக் குறைத்துத் தைத்துவிட்டேன், துவைத்ததும் இன்னும் ஒரு இஞ்ச் மேலே ஏறி, கையைத் தூக்கினால் தொப்புள் தெரிகிறது. அது இப்போது தம்பிக்கு. மற்ற இரண்டையும் ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகே டெய்லரிடம் கொடுத்தேன், சரியாக இருக்கிறது.

லினன் சட்டை கோவை வெயிலுக்குச் சுகம், ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கிவிடுகிறது. வெள்ளை ஷூவை மட்டும் விடவில்லை, அது எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிறது. அப்புறம், அம்மா இன்னமும் "இன்டர்வியூவா கண்ணு?" என்றுதான் கேட்கிறார்.