கண் பாவை விரிந்துபோனதற்கு மர ஊமத்தை காரணமா?

மழைத்தோட்டம், கோத்தகிரி:
போன ஞாயிறு வேலியோர மர ஊமத்தையைக் கழித்துவிட்டேன். பத்தடி உயரம், தலைகீழாய்த் தொங்கும் வெள்ளைப்பூ, சாயங்காலமானால் வாசல் வரை மணக்கும். கையுறை போடவில்லை. வியர்வையைத் துடைக்கும்போது கண்ணையும் தேய்த்திருப்பேன் போல. ராத்திரி கண்ணாடியில் பார்த்தால் இடது பாவை மட்டும் அகலமாய் விரிந்து கிடக்கிறது! வலி இல்லை. டியூப்லைட் கூசியது, பேப்பர் எழுத்து மங்கியது. மூளையில் ரத்தக்கசிவோ என்று வீட்டில் ஒரே அழுகை. ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். செடி வெட்டினாயா என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் தானாகச் சுருங்கியது. மாமியார் மரத்தை வேரோடு பிடுங்கச் சொல்கிறார். அப்புறம், போன வருஷம் அடிக்கன்றிலிருந்து வெட்டி நட்ட குச்சி ஆளுயரம் வளர்ந்தும் ஏன் பூக்கவில்லை?

சவுக்குமரம், குன்னூர்:
அக்கா, ஊமத்தை இலையைக் காயவைத்துப் புகைபிடித்தால் இழுப்பு நிற்கும் என்று எங்கள் பாட்டி சொல்லுவாரே. இதுவும் அதே குடும்பம்தானே?

நாற்றங்கால், கொடைக்கானல்:
காரணம் மரம்தானம்மா. முப்பது வருஷமாக நாற்று விற்கிறேன், எனக்கே இரண்டு முறை ஆகியிருக்கிறது. இலை, பூ, விதை, சாறு எல்லாவற்றிலும் ஸ்கோபோலமின், அட்ரோபின் என்ற விஷங்கள் உண்டு. பாவையை விரிக்கக் கண் டாக்டர் விடும் சொட்டு மருந்துகளில் அட்ரோபினும் ஒன்று. ஸ்கேன் எடுத்ததில் தப்பில்லை, ஒற்றைப் பாவை விரிந்தால் மூளையையும் பார்த்தாகவேண்டும். அடுத்த முறை போனவுடனே செடி வெட்டியதைச் சொல்லிவிடுங்கள்.

தம்பி, புகை வேண்டவே வேண்டாம். விஷம் செடிக்குச் செடி, இலைக்கு இலை மாறும். கொஞ்சம் கூடினால் நாக்கு வறண்டு, நெஞ்சு படபடத்து, இல்லாத ஆளோடு பேச ஆரம்பிப்பார்கள். குடும்பம் ஒன்றுதான், பேரினம் வேறு. இது புருக்மான்சியா. தென் அமெரிக்க மலைச்செடி, முன்பு ஊமத்தையோடுதான் சேர்த்து வைத்திருந்தார்கள். ஊமத்தங்காயில் முள் இருக்கும், பூ நிமிர்ந்து நிற்கும். இதற்கு முள் கிடையாது, பூ தொங்கும்.

பிடுங்காதீர்கள் என்பேன். இதன் ஏழு இனங்களும் காட்டில் அற்றுப்போனவை என்றே ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் இருக்கின்றன. எல்லாம் மனிதர் கையிலிருந்து கை மாறும் குச்சிகள்தான். ஆடுமாடு மேயாத, பிள்ளைகள் விளையாடாத மூலையில் நிற்கட்டும். கழிக்கும்போது கையுறை, முடிந்ததும் சோப்பு.

பூக்காததற்குக் காரணம் உங்கள் குச்சிதான். இந்த மரம் முதல் கவட்டை விட்ட பிறகுதான் பூக்கும். அடிக்கன்றுக் குச்சி மறுபடி உயர்ந்து கவட்டை விடவேண்டும். கவட்டைக்கு மேலிருந்து வெட்டி நட்டிருந்தால் இடுப்புயரத்திலேயே பூத்திருக்கும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் நுனி கருகினாலும் பயப்படாதீர்கள், அடியிலிருந்து துளிர்க்கும்.

மழைத்தோட்டம்:
நன்றி ஐயா. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "சரி, பிடுங்க வேண்டாம், ஆனால் இனி நீ அதைத் தொடாதே" என்கிறார். என் குச்சியைப் போய்ப் பார்த்தேன். ஒற்றைக் கம்புதான், கவட்டையைக் காணோம்.