கையால் செய்த கிட்டாரை வெளிநாட்டுக்கு அனுப்பினவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கணபதி, கோவை:
எங்கப்பா பவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சுக்கான மாதிரி, செய்கிறவர். வார்ப்பிரும்பு ஆறினால் நூற்றுக்கு ஒன்று சுருங்கும் என்று அதற்கும் சேர்த்தே பெரிதாக இழைப்பார். அந்தப் பட்டறைப் பழக்கத்தோடுதான் நான் கிட்டாருக்கு வந்தேன், இங்கே சுருங்குவது மரமே. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தோடு அடிக்கிறபோது முன்பலகையை ஒட்டி அனுப்பினால், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற ஐரோப்பிய வீட்டுக்குள் அது காய்ந்து நடுவில் விரிசல் விட்டுவிடும். அதனால் ஒட்டுகிற அறையை மட்டும் தனியாக அடைத்து, மெஷின் வைத்து ஈரப்பதத்தை 45 சதவீதத்திலேயே நிறுத்துகிறேன். கரண்ட் பில் வயிற்றைக் கலக்கும், அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது ஜெர்மனிக்காரர் ஒருவரைப் பற்றி. வீடியோ காலில் வந்தார். வாசித்துக் காட்டலாம் என்று நான் கிட்டாரைக் கையில் வைத்திருக்க, மனுசன் முதலில் கேட்டது பின்பலகை என்ன மரம், பில் இருக்கிறதா என்றுதான். நம்ம ஈட்டி மரம் டால்பெர்ஜியா இனம், 2017 ஜனவரியில் அந்த இனம் மொத்தமும் சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற நாடுகளின் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலுக்குள் வந்துவிட்டது. அப்போது ஈட்டி போட்ட கிட்டாரை எல்லை தாண்டி விற்க அனுமதிக் காகிதம் தேவைப்பட்டது. 2019 நவம்பர் கடைசியிலிருந்து செய்து முடித்த வாத்தியத்துக்கு விலக்கு உண்டு, வெறும் பலகைக்குக் கிடையாது. அவருக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. சத்தத்தைக் கேட்டது கடைசி அஞ்சு நிமிசம்தான்!

திருப்பூர்:
அண்ணா, மரத்தை விடுங்க, பெட்டியைப் பற்றி யாருமே பேச மாட்டேங்கிறாங்க. எங்க கிளியரிங் ஏஜென்ட் பனியன் ஏற்றுமதியில் பழம் தின்று கொட்டை போட்டவர், கிட்டார் என்றதும் "இதுக்கு என்ன கோடுங்க?" என்று என்னையே கேட்டார் (கஸ்டம்ஸில் சரக்கு வகைக்குப் போடுகிற எண்ணைச் சொல்கிறார், தந்தி வாத்தியத்துக்கு 9202). கூரியரில் எடை போடுகிற விதம் அதைவிட வேடிக்கை. கிட்டார், கேஸ், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்து 8 கிலோதான் இருக்கும். ஆனால் 120 செ.மீ நீளம், 50 அகலம், 25 உயரம், இதைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து 30 கிலோவுக்குக் காசு கேட்பார்கள். வாங்குகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்க, இல்லாவிட்டால் லாபம் பூராவும் கூரியருக்கே.

இன்னொன்று, தந்தியைத் தளர்த்தாமல் அனுப்பாதீங்க. ஆறு தந்தியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும், அந்த இழுப்போடு பெட்டி ஒருமுறை குப்புற விழுந்தால் தலைப்பக்கம் முறிந்துவிடும். எனக்கு அப்படி ஒன்று வந்தது. கேஸில் ஒரு கீறல் இல்லை, திறந்தால் தலை மட்டும் தனியாகத் தொங்குகிறது. கூரியர்க்காரர்கள் கேஸைப் போட்டோ எடுத்துக்கொண்டு "வெளியில் சேதம் ஒன்றும் இல்லையே சார்" என்று கிளெய்மை முடித்துவிட்டார்கள். இப்போது கழுத்துக்கு அடியிலும் தலைக்குப் பின்னாலும் துணியை இறுகச் சுருட்டி அண்டக் கொடுக்கிறேன். கட்பீஸுக்கு நம்ம ஊரில் பஞ்சமா?

பொள்ளாச்சி:
அண்ணா, எங்க பக்கம் பழைய வீடு இடிக்கிறபோது ஈட்டிக் கட்டில், அலமாரி எல்லாம் கிடைக்குது. அமெரிக்கா ஆர்டர் ஒன்று பேசிக்கிட்டு இருக்கேன், அதுக்கு இந்த மரத்தைப் போடலாமுங்களா?

கணபதி, கோவை:
தம்பி, மரம் அருமையா இருக்கும். அம்பது அறுபது வருசம் காய்ந்தது, பக்கப்பலகைக்கு 2 மி.மீக்கு இழைத்து நனைத்து, சுட்ட குழாய் மேல் வைத்து அழுத்தினால் ஒரு கட்டத்தில் கைக்கே தெரியும், பிடிவாதத்தை விட்டுவிட்டு வளையும். ஆனால் அது எந்தக் காட்டு மரம், யார் வெட்டினது என்று காட்ட உங்ககிட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்காதே. அமெரிக்காவில் லேசி சட்டம் என்று திருட்டுத்தனமாகப் பிடித்த வனவிலங்கு வியாபாரத்தைத் தடுக்கிற சட்டம் ஒன்று உண்டு, 2008-லிருந்து அது மரத்துக்கும் சேர்ந்துதான், திருட்டு மரம் என்று சந்தேகம் வந்தால் வாத்தியத்தையே பிடித்து வைத்துக்கொள்ளலாம். கட்டில் மரத்தை உள்ளூர் ஆர்டருக்குப் போடுங்க. வெளிநாட்டுக்கு நான் பில்லோடு வருகிற வனத்துறை டிப்போ மரம் மட்டும்தான் எடுக்கிறேன், விலை அதிகம்தான்.

அப்புறம் பிங்கர்போர்டில் (கழுத்தின் மேல் விரல் வைக்கிற பலகை) முத்துச்சிப்பிப் புள்ளி வைக்கிற எண்ணம் இருந்தால் அமெரிக்கா ஆர்டருக்கு வேண்டாம், சிப்பியை அங்கே வனவிலங்குக் கணக்கில் சேர்த்துத் தனிப் படிவம் கேட்பார்கள். வெளிர் மரத்திலேயே புள்ளி வைத்துவிடுங்க.