கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு: மாடியில் சோலார் போடலாமா?

முகப்புத்திண்ணை:
செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் பூர்வீக வீடு. முகப்புக்கு மேல் மட்டும் மரக்கட்டை, செங்கல், சுண்ணாம்பு போட்ட பழைய மட்டத்தளம். உள்கட்டு முழுக்க நாட்டு ஓடு. அப்பத்தாவும் துணைக்கு ஒரு அம்மாவும் இருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டை ஒட்டி ஓடும். கோடையில் ஏசி போட்டால் 550. படைப்பு (முன்னோர் வழிபாடு) வைத்து ஆள் கூடினால் அந்த பில் மட்டும் 900.

சோலார் போடுகிறவர் வந்து பார்த்துவிட்டு 5 கிலோவாட் போடச் சொல்கிறார். "பில்லே வராது, கரண்ட் போனாலும் வீடு ஓடும், மானியம் 78,000" என்கிறார். மின் இணைப்பு இன்னும் காலமான ஐயா பெயரில் இருக்கிறது, வீட்டில் ஆறு பங்கு. இதற்கிடையில் சிங்கப்பூர் சித்தப்பா அடுத்த மாதம் திருச்சி வழியாக வருகிறார், 500 வாட்-அவர் (அரை யூனிட் பிடிக்கும்) பேட்டரிப் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுவருவதாகச் சொல்கிறார். எது சரி, எதைத் தவிர்க்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீட்டர்பெட்டி:
5 கிலோவாட் வேண்டவே வேண்டாம். மாடி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அளவு சொல்கிறார்கள்; பார்க்க வேண்டியது பில்லை.

உங்கள் ஆண்டுக் கணக்கைப் போடுங்கள். சாதாரண பில் நான்கு, அதில் 1,200 யூனிட். கோடை பில் 550, படைப்பு பில் 900. மொத்தம் 2,650. இதில் ஒவ்வொரு பில்லிலும் முதல் 100 இலவசம், அது 600. ஆக, சோலார் ஈடுகட்ட வேண்டியது ஏறக்குறைய 2,050 யூனிட்தான். நம் பக்க வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், ஆண்டுக்கு 1,450 என்று வையுங்கள். 2 கிலோவாட் போட்டாலே 2,900 வந்துவிடுகிறது. 5 கிலோவாட்டில் 7,300 வரும். மிச்சத்தை யாருக்காக உற்பத்தி செய்வது?

பணக்கணக்கு இன்னும் தெளிவு. 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் இரண்டரை ரூபாய்க்குள், 400 வரை ஐந்து ரூபாய்க்குள். 300 யூனிட் பில் 700 ரூபாய்ச் சொச்சம். 500-ஐத் தாண்டிய உடனே அந்த இரண்டரை ரூபாய்ச் சலுகை போய்விடும், மேலே ஏறும் யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல். 480-க்கும் 520-க்கும் இடையே உள்ள 40 யூனிட்டுக்காக 500 ரூபாய்க்கு மேல் கூடும். 900 யூனிட் பில் ஆறாயிரத்தை ஒட்டி வரும். எல்லாம் சேர்த்து உங்கள் ஆண்டுச் செலவு 11,000 பக்கம்.

2 கிலோவாட் இன்றைய விலையில் ஒன்றரை லட்சத்துக்குள், மானியம் 60,000 போனால் கைக்காசு 80, 90 ஆயிரம். எட்டு ஆண்டில் முதல் திரும்பும். 5 கிலோவாட் மூன்று லட்சத்தை ஒட்டி. மானியம் 3 கிலோவாட்டோடு 78,000-ல் நின்றுவிடும், அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே தொகைதான். சேமிப்போ அதே 11,000. இருபது ஆண்டு ஆகும். படைப்பு இல்லாத வருடங்களில் 2 கிலோவாட்டே 13, 14 ஆண்டு இழுக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

"கரண்ட் போனாலும் ஓடும்" என்பது பொய். நெட் மீட்டரோடு (மிஞ்சும் கரண்டை லைனுக்குக் கொடுத்து பில்லில் கழிக்கும் மீட்டர்) போடும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி), லைனில் கரண்ட் போன நொடியே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மீது உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மின்வெட்டில் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தனிச் செலவு, பேட்டரிக்கு மானியம் கிடையாது.

சுண்ணாம்புச்சாந்து:
அளவு விஷயத்தில் மேலே சொன்னதுதான் என் கருத்தும். நான் தளத்தைப் பற்றிச் சொல்கிறேன், இந்த வீடுகளில் அங்கேதான் கெடுதல் நடக்கிறது.

நாட்டு ஓட்டின் மேல் பேனல் வைக்கவே கூடாது. அடுக்கடுக்காகக் கவிழ்த்த ஓட்டில் கால் ஊன்ற இடமில்லை, வேலையாட்கள் ஒரு முறை நடந்தாலே நூறு ஓடு விரியும், அடுத்த ஐப்பசி மழையில் வளவின் (உள்முற்றத்தின்) தூணும் கைமரமும் நனையும்.

மட்டத்தளத்தில் வைக்கலாம், ஆனால் துளை போடாமல். கான்கிரீட் தளத்துக்கு அடிக்கிற ஆங்கர் போல்ட் சுண்ணாம்புச் செங்கலில் பிடிக்காது. முறுக்கும்போது இறுகுவது போலத் தெரியும், ஆடிக்காற்று இரண்டு மாதம் ஆட்டினால் கழன்று, அந்தத் துளை வழியாகத் தண்ணீர் நேராகத் தேக்குக் கட்டையில் இறங்கும். கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் உளுத்துப்போனால் வெளியே தெரியவே தெரியாது.

சரியான வழி: கனமான சுவருக்குச் சுவர் இரும்பு உத்தரம் போட்டு, அதன் மேல் சட்டத்தை நிறுத்துவது. சுமை சுவர் வழியாக இறங்கிவிடும், தளத்துக்கு எதுவும் தெரியாது. முடியாத இடத்தில் கான்கிரீட் கட்டிகளைப் பாரமாக வைக்கலாம், அதையும் சுவர் ஓடும் கோட்டின் மேல்தான் வைக்க வேண்டும், கட்டையின் நடுவில் வைக்கக் கூடாது. 550 வாட் பேனல் ஒன்று 28 முதல் 32 கிலோ. 2 கிலோவாட்டுக்கு நான்கு பேனல். பேனல் எடை பெரிதில்லை. காற்று மேலே தூக்கும் விசைக்காக வைக்கிற கட்டிதான் பாரம். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். அதனால் "சும்மா வைத்தாலே போதும்" என்பவரை நம்பாதீர்கள்.

சட்டம் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கால்வனைஸ் இரும்பாக இருக்கட்டும், பூச்சு 80 மைக்ரானுக்குக் குறையாமல். பெயின்ட் அடித்த இரும்பு ஐந்தாறு வருடத்தில் துருவை ஒழுக விட்டுத் தளத்தைக் கறையாக்கும். காரைக்குடி 10 டிகிரி அட்சரேகை. தெற்கே பார்த்து 10 டிகிரி சாய்வு போதும். அதற்கு மேல் சாய்த்தால் காற்றுப்பிடிப்பு கூடுவதுதான் மிச்சம். முகப்பின் கைப்பிடிச் சுவரும் சுதைப் பொம்மையும் போடும் நிழலைக் காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் போய்ப் பாருங்கள். ஒரு பேனலில் விழும் நிழல், ஒரே சரத்தில் கோத்த மற்றவற்றையும் இழுத்துவிடும்.

மயில் எச்சத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். காய்ந்த எச்சம் மறைக்கும் செல் (பேனலில் உள்ள சிறு கட்டம்) சூடாகி நாளடைவில் கருகும். மாதம் இரண்டு முறை காலை எட்டு மணிக்கு முன் கழுவ வேண்டும். உப்பு ஏறிய போர்த் தண்ணீர் வெள்ளைப் படலம் விடும். வீட்டில் மழைநீர் பிடிக்கும் தொட்டி இருந்தால் அதை எடுங்கள். அப்பத்தா மாடியேறிக் கழுவப் போவதில்லை. அதற்கு ஆள் இல்லையென்றால் இந்த யோசனையையே தள்ளிப்போடுங்கள்.

வளவுக்காற்று:
நான் சோலாரே வேண்டாம் என்பேன், குறைந்தது முதல் வருடம்.

பழைய ஃபேன் ஒன்று 75 வாட். பிஎல்டிசி என்ற புது வகை மோட்டார் ஃபேன் 30 வாட். ஐந்து ஃபேனை மாற்றினால், நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடும் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 135 யூனிட் குறையும். கோடை பில் 550-லிருந்து 415-க்கு வந்து, 500-க்கு மேல் நிற்கும் அபராதமே இல்லாமல் போகும். செலவு 15,000 ரூபாய் அளவு. உயரக் கூரை என்பதால் நீளத் தண்டு கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் காற்று கீழே வராது. இதைச் செய்த பிறகு பில்லைப் பார்த்து முடிவெடுத்தால், 2 கிலோவாட் கூட அதிகமாகத் தோன்றலாம்.

கொள்கை பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் இந்த மானியம் தரும் சூர்ய கர் திட்டத்தை ஒரு கோடி வீட்டுக்கு என்று அறிவித்தது. குஜராத், மகாராஷ்டிரம், கேரளம் முன்னே போகின்றன, நாம் பின்னே நிற்கிறோம். 2012-லேயே 3,000 மெகாவாட் சூரிய மின்கொள்கை வெளியிட்ட மாநிலம் இது. 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் நிலையமும் வந்துவிட்டது. வீட்டுக் கூரையில்தான் தயக்கம். 100 யூனிட் இலவசத்தைக் குறை சொல்வது எளிது. நான் சொல்ல மாட்டேன், கூலி வேலைக்காரர் வீட்டு விளக்கு அதில் எரிகிறது. ஆனால் குறைந்த பில்காரருக்கு சோலார் கட்டுபடியாகாது என்பதை அரசு ஒப்புக்கொண்டு, அதிகம் செலவழிக்கும் இணைப்புகளைக் குறிவைக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு. டெல்லியில் 2019 முதல், ஒரு கூரையில் வரும் மின்சாரத்தைப் பல இணைப்புகளுக்குப் பங்கிட்டு வரவு வைக்கும் முறை இருக்கிறது. ஆறு பங்கு, ஒரே மாடி, நாலு மீட்டர் உள்ள செட்டிநாட்டு வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. எம்எல்ஏவிடம் கேட்பதானால் இதைக் கேளுங்கள்.

முகப்புத்திண்ணை:
மிக்க நன்றி. ஃபேனிலிருந்தே தொடங்குகிறோம். மாதா மாதம் ரீடிங் எடுத்தால் பில் குறையும், அப்போது சோலாரே தேவைப்படாது என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அது சரியா? ஐயா பெயரில் உள்ள இணைப்பையும் சித்தப்பாவின் பெட்டியையும் பற்றியும் சொல்லுங்கள்.

மீட்டர்பெட்டி:
மாதாந்திரக் கணக்கீடு 2021 தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதி. அதை எதிர்பார்ப்பதில் தவறில்லை, ஆனால் பலன் எங்கே என்று பார்க்க வேண்டும். படிநிலைகளையும் பாதியாக்கி மாதம் 50 யூனிட் இலவசம், 250-ல் சலுகை முடிவு என்று வைத்தால், உங்களைப் போல ஒரு மாதம் அதிகம், மறுமாதம் குறைவு என்று ஓடும் வீட்டுக்குப் பெரும்பாலும் நஷ்டமே. 700-ம் 200-ம் சேர்ந்த 900 யூனிட், இரண்டு மாதச் சராசரியில் 450-ஆகத்தான் விழும். தனித்தனியாகப் போட்டால் அந்த 700 உச்சிப் படிக்கு ஏறும். சரியான தேதியில் ரீடிங் எடுக்காமல் 70 நாளுக்கு ஒரு பில் போடுவதுதான் உண்மையான அநியாயம். ரீடிங் தேதியை அட்டையில் எழுதி வையுங்கள், தள்ளிப்போனால் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

பெயர் மாற்றம் முதலில். மானியம் மின் இணைப்பு யார் பெயரிலோ அவர் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஐயாவின் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, மற்ற பங்காளிகளின் ஆட்சேபணையில்லாக் கடிதம், இவற்றோடு மனுப் போட வேண்டும். மின் கணக்கிலும் வங்கிப் புத்தகத்திலும் இனிஷியல் உட்படப் பெயர் ஒன்றாக இருக்கட்டும், இதில்தான் பல மனுக்கள் நிற்கின்றன. ஒரு பங்காளி வெளிநாட்டில் இருந்து கடிதம் வரத் தாமதமானாலும், அது வரும்முன் முன்பணம் கொடுக்காதீர்கள். மாடி பொது என்பதால் பேனல் யார் செலவு, வரவு யாருக்கு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுவது நல்லது.

அனுமதிச் சுமையையும் (இணைப்புக்கு அனுமதித்த கிலோவாட் அளவு) பாருங்கள். பழைய இணைப்பில் 1 கிலோவாட் என்று இருந்தால், சோலார் அளவு அதற்கு மேல் போகக் கூடாது. முதலில் சுமையைக் கூட்ட வேண்டும். 2024-ல் திருத்திய மத்திய விதிப்படி 10 கிலோவாட் வரை தனித் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை. பேனலில் உள்ள செல்லும் இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் மானியம். மலிவாகத் தருகிறேன் என்று வெளிநாட்டுச் செல் பேனலை ஏற்றிவிட்டுப் போனால் 60,000 போச்சு.

திருச்சிவிமானம்:
சித்தப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள், அந்தப் பெட்டி விமானத்தில் ஏறாது. பயணி கொண்டுபோகும் லித்தியம் பேட்டரி 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்காமல் கைப்பையில். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு அதிகபட்சம் இரண்டு. 160-க்கு மேல் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. 500 என்றால் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். சரக்காக அனுப்பலாமா என்றால், தனி லித்தியம்-அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தின் சரக்கறையில் ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை.

பவர் பேங்க் கொண்டுவந்தால் கணக்கு இதுதான்: மில்லி ஆம்பியர்-அவரை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 என்றால் 74 வாட்-அவர், தொல்லையில்லை. 30,000 என்றால் 111, அனுமதி வேண்டும். எழுத்து அழிந்த பவர் பேங்க் என்றால் அளவு என்னவானாலும் மறுப்பார்கள்.

2025 ஜனவரியில் பூசான் விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்தபின் விதிகள் இறுகின. தென்கொரியா மார்ச்சிலிருந்து மேல் அலமாரியில் பவர் பேங்க் வைப்பதைத் தடுத்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் இரண்டும் ஏப்ரலிலிருந்து விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே விடுவதில்லை. கெடுபிடி என்று பலர் திட்டுகிறார்கள், நான் முழுக்க ஆதரிக்கிறேன். லித்தியம் செல் உள்ளுக்குள் சூடேறத் தொடங்கினால் தீயணைப்பான் சுடரை அமர்த்தும், உள்ளே நடக்கும் வினையை நிறுத்தாது. தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். அலமாரிக்குள் இருந்தால் புகை வந்த பிறகுதான் தெரியும், இருக்கைக்கு முன் இருந்தால் சூடாகும்போதே தெரியும்.

அப்பத்தாவுக்கு மின்வெட்டில் காற்று வேண்டும், அவ்வளவுதானே? காரைக்குடியிலேயே 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியும் ஹோம் இன்வெர்ட்டரும் வாங்குங்கள். 1,800 வாட்-அவரில் பாதிக்குச் சற்று மேல் எடுத்தாலும், நான்கு பிஎல்டிசி ஃபேனும் சில விளக்கும் ஐந்து மணி நேரம் ஓடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்புச்சாந்து:
ஒன்று விட்டுப்போனது. எப்போது சோலார் போட்டாலும் மரப்பட்டியில் ஓடும் பழைய வயரிங்கில் இன்வெர்ட்டரைச் சேர்க்க விடாதீர்கள். மீட்டர் முகப்பில், இன்வெர்ட்டர் இரண்டாம் கட்டில் என்றால் 40 மீட்டர் தூரம் வரும். 3 கிலோவாட் ஓடும்போது 13 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அந்தத் தூரத்துக்கு வோல்டேஜ் 7, 8 வோல்ட் உயரும். நண்பகலில் லைனே 245-ல் நின்றால் இன்வெர்ட்டர் பார்ப்பது 253. ஏற்கெனவே மேட்டில் நிற்கும் லைனில் இன்னும் கொஞ்சம் ஏறினால் அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும், வெயில் உச்சத்தில் உற்பத்தி பூஜ்யம். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் ஏற்றம் 3 வோல்ட்டோடு நிற்கும். அதைவிட நல்லது இன்வெர்ட்டரை மீட்டருக்குப் பக்கத்தில், முகப்பு நிழலில் மாட்டுவது.

எர்த் மூன்று தனித்தனியாக வேண்டும்: இடிதாங்கிக்கு ஒன்று, பேனல் சட்டத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் மாறுமின்னோட்டப் பக்கத்துக்கு ஒன்று. நம் சரளை மண்ணில் மழைக்காலத்தில் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். சித்திரை, வைகாசியில் அளந்து 5 ஓமுக்குள் இருந்தால்தான் கடைசித் தவணையைக் கொடுங்கள்.