அம்மாவின் பெயரில் யாரோ எடுத்த கைப்பேசி இணைப்பு: என்ன செய்யலாம்?

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் தோ பாயோவில் இருக்கும் என் அம்மாவுக்கு, அவர் வாங்கவே வாங்காத கைப்பேசி இணைப்புக்குக் கட்டணச் சீட்டு வந்திருக்கிறது. பெயர், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அச்சுப் பிசகாமல் சரி. கைப்பேசி எண் மட்டும் யாருடையதோ!

மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799க்கு அழைத்து ஆலோசனை கேட்டோம்; காவல்துறையில் புகாரும் கொடுத்தாகிவிட்டது. அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸின் மறைச்சொல்லை மாற்றினோம். சேமிப்பில் பெரும்பகுதியை இணையம்வழி எடுக்க முடியாதபடி வங்கியில் பூட்டி வைத்தோம்.

சட்டம் கோராத இடங்களில் நிறுவனங்கள் பொதுவாக அடையாள அட்டை எண்ணையோ நகலையோ வாங்கக்கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் அதிர்ஷ்டக் குலுக்கலுக்குக்கூட எண்ணை எழுதிக் கொடுத்தோமே, அந்தத் தாள்களெல்லாம் எங்கே கிடக்கின்றனவோ.

இப்போதைய தலைவலி அந்தத் தொலைபேசி நிறுவனம்தான். "வாடிக்கையாளரே நேரில் வந்து நிரூபிக்க வேண்டும்" என்கிறார்கள். அம்மாவுக்கோ முட்டிவலி, புளோக்கின் கீழே இறங்குவதே பெரும்பாடு. திருடியவன் எப்படி நிரூபித்தானாம்?

மகள் நான் அவர் சார்பில் பேச, அதிகாரக் கடிதமும் புகார் நகலும் போதுமா? சத்தியப் பிரமாணமும் கேட்பார்களா? கடன் விவரங்களைத் தொகுத்து வைக்கும் கிரெடிட் பியூரோவின் அறிக்கையை எடுத்தால் இத்தகைய கைப்பேசி பாக்கியும் தெரியுமா, வங்கிக் கடன்கள் மட்டும்தானா? இதே சிக்கலைத் தீர்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். கட்டணத்துக்கு இம்மாத இறுதிதான் கெடு.