ஆட்டோமேட்டிக் காரின் கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

மன்னார்குடியிலிருந்து:
70,000 கிலோமீட்டர் ஓடிய என் ஆட்டோமேட்டிக் காரின் கியர் ஆயிலை வீட்டு வாசலிலேயே மாற்ற எண்ணியுள்ளேன். சென்ற ஐப்பசி மழையில் வண்டி ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் நின்றது. எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கும்பகோணத்திலிருந்து:
ஐயா, வடிப்பதற்கு முன்பே ஆயில் ஊற்றும் திருகு கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இறுகியிருந்தால், ஆயில் வடிந்த வண்டி வாசலிலேயே முடங்கிவிடும். என்ஜினின் விசையை ஆயில் வழியே கியர் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கும் ஆயில் கீழ்த் திருகு வழியே இறங்காது என்பதால், ஒருமுறை வடித்தால் ஒரு பகுதிதான் மாறும். வடிந்ததை அளந்து அதே அளவு புதிய ஆயிலை ஊற்றி, சமதரையில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கையேடு குறிப்பிடும் வெப்பநிலையில் மட்டத்தைச் சரிபாருங்கள். சிவிடி (பட்டையும் கப்பிகளும் கொண்டு இயங்கும் ஆட்டோமேட்டிக் கியர் வகை) வண்டிக்கு உரிய ஆயில் வேறு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். நம் வண்டல் மண் ஈரத்தில் இளகிவிடும்.

நீடாமங்கலத்திலிருந்து:
வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதே எனக்குக் கவலையளிக்கிறது. கியர் பெட்டியின் காற்றுத்துளை வழியே நீர் புகுந்திருந்தால் ஆயில் பால் கலந்ததுபோல் வெளிறியிருக்கும். அந்நீர் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பரப்பைப் பெயர்த்துவிடக்கூடும். அவ்வாறு கண்டால் மேலும் ஓட்டாமல், கட்டி இழுக்காமல், லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். வடித்த ஆயிலைத் தயவுசெய்து வாய்க்காலில் கொட்டாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் வயலுக்குப் பாய்கிறது.