மயிர்வேர் வளர்ப்பில் தூண்டி இட்டும் மொத்த விளைச்சல் கூடவில்லையே, ஏன்?

கேள்வி:
அமுக்கராவின் மயிர்வேர்களை (ஒரு பாக்டீரியா தன் மரபணுத் துண்டைச் செடியில் செருகுவதால் முளைக்கும் வேர்கள்) அரைச்செறிவு முராஷிகி-ஸ்கூக் எனும் திரவ ஊட்ட ஊடகத்தில், 3 விழுக்காடு சுக்ரோஸுடன், குலுக்கியின் மேல் இருளில் வளர்த்து வருகிறேன். வித்தனோலைடு எனும் மருத்துவச் சேர்மத்தின் அளவைக் கூட்டும் பொருட்டு, வேர்நுனிகளைக் குடுவையில் இடும் அன்றே தூண்டியாக, அதாவது சேர்ம உற்பத்தியை முடுக்கும் பொருளாக, 100 மைக்ரோமோலார் மெத்தில் ஜாஸ்மோனேட்டும் சேர்க்கிறேன். ஒரு கிராம் உலர் எடைக்குக் கணக்கிட்டால் வித்தனோலைடு தெளிவாகக் கூடியிருக்கிறது. ஆனால் வேர்கள் பக்கக் கிளை விடாமல் பழுப்பேறிவிடுவதால், ஒரு லிட்டருக்குக் கிடைப்பது தூண்டி இடாத குடுவையைவிடக் குறைவு. செறிவைக் குறைப்பதா, வேறு தூண்டிக்கு மாறுவதா?

பதில் 1:
செறிவில் கை வைக்கும் முன், தூண்டி இடும் நாளை மாற்றிப் பாருங்கள். காயம், பூச்சித் தாக்குதல் ஆகியவற்றின்போது செடி தனக்குள் அனுப்பும் சமிக்ஞைகளில் ஒன்றே ஜாஸ்மோனேட் என்பதால், அது எட்டியதும் வேர் வளர்ச்சியை ஒடுக்கிக்கொண்டு தற்காப்புச் சேர்மங்களை ஆக்கும் மரபணுக்களை முடுக்குகிறது. வேர்த்திரள் உருவாகும் முன்பே இந்தச் சமிக்ஞையைக் கொடுத்தால், முடுக்கிவிடப் போதிய வேரே இராது. முதலில் வளர்ச்சி, பிறகு உற்பத்தி என இரு கட்டங்களாகப் பிரித்து, விரைவு வளர்ச்சி முடியும் தறுவாயில் தூண்டியை இடுங்கள். அந்தத் தறுவாயை அறியக் குடுவையைத் திறந்து வேரை நிறுக்க வேண்டியதில்லை. வேர் உப்புகளை உறிஞ்ச உறிஞ்ச ஊடகத்தின் மின்கடத்துதிறன் இறங்கிக்கொண்டே வரும், அந்த இறக்கம் தணியும் இடமே நீங்கள் தேடுவது. இட்டபின் அன்றாடம் ஒரு குடுவையை எடுத்து அளந்தால், உச்சம் எப்போது என்பதும் தெரிந்துவிடும்.

பதில் 2:
மெத்தில் ஜாஸ்மோனேட்டை எத்தனாலில் கரைத்திருப்பீர்கள். ஒப்பீட்டுக் குடுவையிலும் அதே அளவு எத்தனால் இருக்கிறதா? இல்லையென்றால் பழுப்புக்கு எது காரணம் என்று சொல்லவே முடியாது. வேரை மட்டுமன்றி, வடித்த ஊடகத்தையும் சோதியுங்கள். தூண்டியின் பின் ஒரு பகுதி வெளியே கசிவதுண்டு.

பதில் 3:
மேற்சொன்னவற்றுடன் உடன்படுகிறேன், ஆயினும் தூண்டியைவிட வேர்வரிசைத் தேர்வே (ஒரு தனி வேரிலிருந்து பெருக்கிய வேர்களே ஒரு வரிசை) பெரிய வேறுபாட்டைத் தரக்கூடும் என்பது என் கருத்து. மயிர்வேரை உண்டாக்கும் பாக்டீரியாவான அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் தன் மரபணுத் துண்டை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் செருகுவதால், ஒரே இலையில் அருகருகே முளைத்த இரு வேர்கள்கூட வளர்ச்சியிலும் சேர்ம அளவிலும் ஒத்திருப்பதில்லை. தூண்டியோ வேரில் ஏற்கெனவே உள்ள, சேர்மத்தைப் படிப்படியாக ஆக்கும் பாதையை விரைவுபடுத்துமேயன்றி, இல்லாததை உண்டாக்காது. நித்தியகல்யாணியின் மயிர்வேரில் அஜ்மலிசின் எனும் சேர்மம் கிடைத்தும் வின்பிளாஸ்டின் எனும் புற்றுநோய் மருந்தை எடுக்க முடியாமல் போவது, அதற்கு வேண்டிய மூலப்பொருளான வின்டோலினின் இறுதிப் படிகள் இலையில் நடப்பதால்தான். பாதை இருந்தும் ஒரு படியில் தேங்கினால் மரபணு மாற்றம் கைகொடுக்கும்: குரோசாணி எனும் மருந்துச் செடியின் மயிர்வேரில் இரு நொதிகளின் மரபணுக்களை ஒருசேர மிகைப்படுத்தி, லிட்டருக்கு 411 மில்லிகிராம் ஸ்கோபோலமின் எனும் மருந்துச் சேர்மத்தைப் பெற்ற ஆய்வு 2004இல் வெளியானது. உங்கள் அமுக்கராவில் பாதை வேரிலேயே இருப்பதால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். வேகமாகக் கிளைக்கும் வரிசைகளைப் பிரித்தெடுத்து, அவற்றில் மட்டும் தூண்டியைச் சோதியுங்கள்.